நாலெழுத்து நோய்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவைத்த புண்ணியவான் வாய் நல உயர் நிலையத்தின் வாசலை மிதித்தவராக இருக்க முடியாது. ஆறு மாடி, நாற்பத்தெட்டு அறை, எழுபது டாக்டர்கள் என்று வாய் ஒன்றுக்காக மட்டுமே எழுப்பிய கட்டடம் அது. உள்ளே நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நிற்கும். உதட்டின் மேல் விரலை வைத்த படமும் அதற்குக் கீழே 'இங்கே வாயைத் திறக்காதீர்கள்' என்ற வாசகமும் இருக்கும். சத்தம் போடாதீர்கள் என்ற அர்த்தத்தில்தான் ஆதியில் அதை வைத்தார்கள். நாளடைவில் அங்கே வேலை பார்க்கிறவர்கள் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கட்டடத்துக்குள் நம்முடைய அறிவிப்பாளர் போய்வந்த கதை இது.

அறிவிப்பாளர் என்றதும் டை கட்டிச் செய்தி வாசிக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பேருந்து நிலையத்தின் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்து எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் கிளம்பும் என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் குரல் ஒலித்தால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஜனங்கள் ஓடுவார்கள். ஓடினவர்கள் சரியான பேருந்தில்தான் ஏறுவார்கள். அவருடைய பெருமையெல்லாம் அந்த ஒன்றுதான். முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் பேச்சைக் கேட்டு வீடு போய்ச் சேருகிறார் என்ற நினைப்பில் அவருக்குத் தினமும் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

மூன்று வருடமாகச் சோறு இறங்கவில்லை. மாதம் ஒரு தடவை தவறாமல் வாய்க்குள் கொப்புளம் வந்தது. முதல் நாள் லேசாக ஒரு குறுகுறுப்பு. மறுநாள் வெள்ளையாக ஒரு புள்ளி, சுற்றிலும் சிவப்பு. அடுத்த ஒரு வாரம் தண்ணீர் குடித்தால் எரியும், கொட்டாவி விட்டால் உயிர் போகும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். சூடு என்றார் ஒருவர். வயிற்றில் கோளாறு என்றார் இன்னொருவர். தெருமுனை டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, நீட்டுவதற்குள் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

ஒழுங்காக வாய்க்குள் பார்த்தவர் அவர் மனைவி ஒருவர்தான். துணி தைக்கிற பெண்மணி. ஊசியில் நூல் கோர்க்கிற கண்ணுக்கு எதுவும் தப்பாது. டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, போன மாசம் பொட்டுப் பட்டன். இது சட்டைப் பட்டன்" என்று அளவு சொல்வார். வந்த தேதி, போன தேதி, வந்த இடம் எல்லாவற்றையும் நாட்காட்டியில் தையல் சாக்கட்டியால் குறித்து வைத்தார்.

கன்னத்தில் வந்தபோதெல்லாம் மனிதர் சமாளித்தார். நாக்குக்கு அடியில் வந்ததும்தான் வினை பிடித்தது. நாக்கை மடித்தாலே நெருப்பு. நாக்கை மடிக்காமல் 'ழ' சொல்ல முடியாது. 'ழ' சொல்லாமல் ஏழாவது நடைமேடையைச் சொல்ல முடியாது. கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தார். "பயணிகள் கவனத்துக்கு. பேருந்து ஆறாவதுக்கு அடுத்த நடைமேடையில் நிற்கிறது" என்றார். அடுத்தது என்றால் எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. பாதிப் பேர் ஐந்துக்குப் போனார்கள். அன்று நாற்பத்திரண்டு பேர் பேருந்தைத் தவறவிட்டு நிலைய மேலாளரின் அறை வாசலில் நின்றார்கள்.

மேலாளர் கெட்டவர் அல்ல. மேலே இருந்து வருவதைக் கீழே தள்ளிவிடுகிறவர், அவ்வளவுதான். அவருடைய மேஜை மேல் ஏற்கெனவே ஒரு கறுப்புப் பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. பட்டனை அமுக்கினால் ஒரு பெண் குரல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா நடைமேடைகளையும் அழகாகச் சொல்லும்.

"எனக்கு உங்க மேல கோபம் எதுவும் இல்லைங்க" என்றார் மேலாளர். "நோய் எல்லாருக்கும் வர்றதுதான். விதியில ரெண்டு விஷயம் கேக்குறான். நோய்க்குப் பேர் என்ன, அது இப்ப உங்களுக்கு இருக்கா. வாய் நல உயர் நிலையத்து முத்திரையோட அந்த ரெண்டையும் கொண்டாந்து குடுங்க. சிகிச்சை விடுப்பு தர்றேன், வேலை உங்களுக்காகக் காத்திருக்கும். முப்பது நாள் டைம். வரலன்னா..." என்று பெட்டியைப் பார்த்தார். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. பட்டனை அமுக்கவில்லையே.

மூன்றாவது நாள் அறிவிப்பாளர் வாய் நல நிலையத்தின் பதிவு ஜன்னலில் நின்றார். நாக்கடியில் இருந்தது ஆறி, கன்னத்தில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. ஜன்னல் ஓட்டை இடுப்பு உயரத்தில் இருந்ததால், யாராக இருந்தாலும் வணங்கியபடிதான் பேச வேண்டும்.

"நோய்?" என்றார் பதிவு எழுத்தர்.

"வாய்ப்புண்."

விசைப்பலகை தட்டப்பட்டது. சீட்டு வெளியே வந்தது. 'நோய்: வாய்ப்பு' என்று இருந்தது.

"சார், ஒரு 'ண்' விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல. ஏறல."

"ஏறலன்னா?"

"நோய்க் கட்டத்துல நாலெழுத்துதான் ஏறும்."

அறிவிப்பாளர் விரல் விட்டு எண்ணினார். வா, ய், ப், பு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

எழுத்தருக்கு இந்தக் கேள்வி பழசு. பதிலும் மனப்பாடம். "முன்னாடி இருபது எழுத்து விட்டிருந்தோம். ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? முழு நோயையும் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, எதைத் தின்னா வலிக்குதுன்னு ஒரே புராணம். ஒரு கமிட்டி போட்டாங்க. ரெண்டு வருஷம் உக்காந்து நாலெழுத்துன்னு முடிவு பண்ணாங்க. அன்னையிலிருந்து இந்த நிலையத்துல பெரிய நோயே பதிவாகல. ஆண்டறிக்கையில போட்டிருக்கோம், பாருங்க. நீங்களும் நாலெழுத்துப் படிச்சவர்தானே, அதுக்கு மேல எதுக்கு ஆசைப்படுறீங்க?"

"அந்த ஒரு எழுத்தை மட்டும் சேர்க்க வழி இருக்கா சார்?"

"ஏன் இல்லாம? நாலாவது மாடியில எழுத்துச் சேர்ப்பு மனு குடுங்க. உயிரெழுத்துன்னா பதினஞ்சு நாள். உங்களுது மெய்யெழுத்து. புள்ளி வேற வைக்கணும். நாப்பத்தஞ்சு நாள் ஆகும்."

அறிவிப்பாளரிடம் மீதி இருந்தது இருபத்தேழு நாள். நாலெழுத்தோடு நகர்ந்தார்.

வராந்தாவில் கனத்த உடம்பும் நரைத்த மீசையுமாக ஒரு பெரியவர் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்க்கஸ் பார்க்க வந்த இடத்தில் கூண்டுக்குள் தள்ளப்பட்டவர் போல முழித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் 'ஆடும் பல்' என்று சொல்லியிருக்கிறார். இடைவெளியும் ஓர் எழுத்துக் கணக்கு என்பதால் 'ஆடும்' மட்டும் சீட்டில் ஏறியிருந்தது. ஆண்டு விழாக் குழுவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"அங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் அறிவிப்பாளர்.

"உயரமா இருக்கேனாம். ரெண்டாவது வரிசையில நிக்கச் சொன்னாங்க. நாளைக்கு ஒத்திகை தம்பி."

'வாய்ப்பு' என்று சீட்டில் இருந்தால் மூன்றாம் மாடியில் வாய்ப்புப் பிரிவு. டாக்டர்களுக்குப் பதவி உயர்வு, வெளிநாட்டு மாநாடு, பயிற்சி ஆகியவற்றைப் பங்குபோடும் அலுவலகம் அது. அந்தப் பிரிவின் அதிகாரி, தன்னிடம் வருகிற யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நிமிர்ந்தால் கேட்டுவிடுவார்கள் என்ற பயம். அறிவிப்பாளருக்கோ கன்னத்துக் கொப்புளம் பல்லில் உரசிக்கொண்டிருந்தது. ஆகவே பேச்சைச் சுருக்கமாகவே வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?" என்றார் அதிகாரி.

"மூணு வருஷமா. மாசாமாசம் வருது."

அதிகாரி நிமிர்ந்தார். பதினெட்டு வருடப் பணியில் முதல் முறையாக நிமிர்ந்தார் என்று அந்தப் பிரிவில் இப்போதும் பேசிக்கொள்கிறார்கள்.

"மாசாமாசமா?"

"ஆமாங்க. சில சமயம் ஒண்ணு இருக்கும்போதே இன்னொண்ணு வந்துடும்."

"ரெண்டு ரெண்டா!" அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நான் பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். என் கை வழியாத்தான் எல்லாருக்கும் போகுது. எனக்குன்னு இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு வந்திருக்குமா?"

"வராம இருக்கிறதே நல்லதுங்க. ரொம்பக் கஷ்டம்."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ண முடியும்? பேசாம இருப்பேன். ஒரு வாரத்துல தானாப் போயிடும்."

"பிடிச்சு வச்சுக்கணும்னு தோணாதா?"

"பிடிச்சு வைக்கிறதா? போய்த் தொலைஞ்சா போதும்னு இருக்கு."

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. கிடைத்தவனுக்கு அருமை தெரியாது என்று வாய்க்குள் முனகிக்கொண்டு பேனாவைத் திறந்தார். "எல்லாம் வெளியிலயா, உள்ளேயா?"

"வெளியில ஒண்ணும் இல்லைங்க. எல்லாமே உள்ளேதான்."

'உள்நாட்டு வாய்ப்பு' என்று எழுதினார் அதிகாரி. 'ஆண்டுக்கு எத்தனை' என்ற கட்டம் வந்தது. அறிவிப்பாளர் மனைவி கொடுத்தனுப்பிய நாட்காட்டித் தாளைப் பார்த்து, கடந்த ஓராண்டில் ஆறித் தீர்ந்தவற்றை மட்டும் எண்ணி, பதின்மூன்று என்றார். நோயாளியின் கோப்பு எதுவானாலும் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பதினான்காம் நாளுக்குத் தேதி கொடுத்தார்கள்.

பதினான்காம் நாளுக்கு முந்தின நாள் கொப்புளம் ஆறிவிட்டது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அது போனதற்காக அறிவிப்பாளர் வருத்தப்பட்டார்.

பெரிய டாக்டரின் அறையில் பத்துப் பன்னிரண்டு பயிற்சி டாக்டர்கள் சுவரோரமாக நின்றார்கள். பழக்க தோஷத்தில் அறிவிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயைப் பெரிதாகத் திறந்தார்.

"மூடுங்க, மூடுங்க" என்றார் பெரிய டாக்டர் பதற்றத்தோடு. பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கவனிச்சீங்களா? நம்ம நிலையத்துக்கு வெளியில இருக்கிற பழைய பழக்கம் இது. அந்தக் காலத்துல டாக்டருங்க வாயைப் பார்த்தாங்க. பார்த்து என்ன கண்டாங்க? ஒருத்தர் வாய் மாதிரி இன்னொருத்தர் வாய் இல்ல. ஒரே குழப்பம். கோப்பு அப்படியில்ல. எல்லாக் கோப்பும் ஒரே அளவு. நான் கடைசியா ஒரு வாய்க்குள்ள பார்த்து பதினோரு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் எனக்கு மூணு விருது கிடைச்சது."

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

"இப்ப இருக்கா?" என்றார் அறிவிப்பாளரிடம்.

"இல்ல டாக்டர். நேத்துதான் ஆறிச்சு. பேர் மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"இல்லாததுக்கு எப்படிப் பேர் வைக்கிறது? பொறக்காத பிள்ளைக்குப் பேர் வைப்பாங்களா? இருக்கும்போது வாங்க."

"இருக்கும்போதுதான் வந்தேன். நீங்க இன்னைக்குத் தேதி குடுத்தீங்க."

"அப்ப தப்பு உங்க மேலதான். வர்ற தேதியை நீங்க முன்கூட்டியே சொல்லணும். அதுக்கு ஒரு முன்னறிவிப்புப் படிவம் இருக்கு. நீங்க அறிவிப்பாளர்தானே, இதுகூடவா அறிவிக்க முடியாது?" மாணவர்கள் சிரித்தார்கள். பெரிய டாக்டர் சொன்னால் சிரிப்பதும் பாடத்திட்டத்தில் உண்டு.

அறிவிப்பாளர் வீட்டில் அன்று சாயங்காலம் ஆராய்ச்சி நடந்தது. மனைவி நாட்காட்டியை விரித்து, அளவு நாடாவை அதன் மேல் ஓட்டி, இருபத்தேழாம் நாள் வரும் என்று கணக்குச் சொன்னார். படிவத்தில் அதை எழுதிக் கொடுத்து, இருபத்தொன்பதாம் நாளுக்குத் தேதி வாங்கியாயிற்று. மேலாளர் வைத்த கெடுவுக்கு முந்தின நாள்.

இருபத்தைந்தாம் நாள் வாய் குழந்தை வாய் மாதிரி சுத்தமாக இருந்தது. இருபத்தாறாம் நாளும் அப்படியே. மனிதர் பச்சை மிளகாயைக் கடித்துப் பார்த்தார். கன்னத்தை வேண்டுமென்றே பல்லால் நெருடினார். ஒன்றும் நடக்கவில்லை. அழைக்காதபோதெல்லாம் வந்த விருந்தாளி அழைத்ததும் பிகு பண்ணியது.

இருபத்தேழாம் நாள் காலையில் பல் விளக்கும்போது நாக்குக்கு அடியில் சுருக்கென்றது.

"வந்துடுச்சு!" என்று கத்தினார்.

மனைவி தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு டார்ச்சோடு ஓடி வந்தார். "தூக்குங்க நாக்கை. ஆமாங்க! வந்துடுச்சுங்க! பொட்டுப் பட்டன் அளவு இருக்கு. நல்லா வளரும் போலத்தான் தெரியுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் சிரித்தது வலியோடு. உப்புத் தண்ணீர் கொப்பளிக்கக் கூடாது, மருந்து தடவக் கூடாது என்று மனைவி உத்தரவு போட்டார். களிம்பை எடுத்து நூல்கண்டுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். இருபத்தெட்டாம் நாள் அது கோட்டுப் பட்டன் ஆயிற்று. அன்றைக்குக் கஞ்சிகூட இறங்காமல் மனிதர் கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுவிட்டார்.

"புருஷனுக்குச் சீக்கு ஆறிடக் கூடாதுன்னு வேண்டிக்கிற பொண்டாட்டியா ஆயிட்டேனே" என்றார்.

அவர் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பார். வாயைத் திறக்க முடியவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் நிலையத்தில் மூன்று துறைத் தலைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உதட்டுத் துறை, கன்னத் துறை, நாக்குத் துறை. பெரிய டாக்டர் நடுவில். எதிரே ஒரு பயிற்சி டாக்டர் பெண், குறிப்பெடுக்க. அறிவிப்பாளரால் இப்போது தெளிவாகப் பேச முடியவில்லை. நாக்கடி என்று விரலால் காட்டினார்.

"நாக்குன்னா மேல்பக்கம்" என்றார் நாக்குத் துறைத் தலைவர். "அடிப்பக்கம் எங்களுக்குச் சேராது. அது வாயோட தரைக்குப் போகுது. தரைக்கு இன்னும் துறையே திறக்கல."

"உதடுன்னா வெளிய இருந்து பார்த்தாத் தெரியணும்" என்றார் உதட்டுத் துறை. "தெரியல. அதனால இல்ல."

"கன்னம் பக்கத்துலதான் இருக்கு, ஒத்துக்கறேன்" என்றார் கன்னத் துறை. "பக்கத்து வீட்டுல தண்ணி ஒழுகினா நான் போய்ப் பாத்திரம் வைக்க முடியுமா?"

இருபத்திரண்டு வருடம் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத அறிவிப்பாளருக்கு அப்போது கோபம் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தார். வாயை அகலமாகத் திறந்து, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கவும் வழியில்லாமல், நாக்கை மேலே தூக்கிக் காட்டினார்.

நான்கு தலைகளும் சட்டென்று கோப்புக்குள் குனிந்தன. அறியாப் பெண்ணான பயிற்சி டாக்டர் மட்டும் எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்.

"பார்க்காதேம்மா!" என்றார் பெரிய டாக்டர். "பார்த்தா எழுதணும். எழுதினா நாமதான் பொறுப்பு. எனக்கு ஓய்வு பெற எட்டு மாசம்தான் இருக்கு."

பயிற்சி டாக்டர் குனிந்துகொண்டார். அவரும் முன்னுக்கு வந்துவிடுவார்.

பிறகு சான்றிதழ் தயாரித்தார்கள். முறையாகத்தான் தயாரித்தார்கள். மூன்று துறைகளும் தனித்தனியாக 'எங்கள் எல்லையில் இல்லை' என்று எழுதிக் கொடுத்தன. மூன்று இல்லைகளையும் கூட்டினால் ஓர் இல்லை என்று விடை வந்தது. முத்திரை இரண்டு இடத்தில் விழுந்தது.

வெளியே வரும்போது வராந்தாவில் நரைத்த மீசைப் பெரியவரைப் பார்த்தார். மனிதர் முகத்தில் பழைய வீக்கம் இல்லை. "ஒத்திகையில மூணாவது நாளே பல் தானா விழுந்துடுச்சு தம்பி. இப்ப வலியே இல்ல. விழா முடியுற வரைக்கும் ஆடிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க" என்றார். அந்த நிலையத்தில் முற்றிலும் குணமடைந்ததாக நான் கேள்விப்பட்ட ஒரே நோயாளி அவர்தான்.

முப்பதாம் நாள் காலை மேலாளர் சான்றிதழை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'இவருக்குக் கடந்த ஓராண்டில் பதின்மூன்று முறை உள்நாட்டு வாய்ப்பு வந்துள்ளது. ஒவ்வொரு முறையும் அது ஒரு வாரம் இருந்துவிட்டுத் தானாகவே போய்விட்டது. அதைத் தக்கவைத்துக்கொள்ள இவர் எந்த முயற்சியும் எடுக்கவில்லை. மூன்று துறைகள் தீர ஆராய்ந்ததில் இவருக்கு எங்கும் வாய்ப்பு இல்லை என்று சான்றளிக்கப்படுகிறது.'"

படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றினார். "என்னங்க இது? பதிமூணு தடவை வந்திருக்கு. பதிமூணையும் கோட்டை விட்டிருக்கீங்க. கடைசியில அவங்களே இல்லன்னு சொல்லிட்டாங்க. நான் ஒத்த ஆளு என்ன பண்றது?"

அறிவிப்பாளர் கையை ஆட்டினார். இல்லை, அந்த வார்த்தை தப்பு என்று சொல்ல வேண்டும். 'ண்' சொல்ல நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும். கோட்டுப் பட்டன் நாக்குக்கு அடியில் முழுசாக உட்கார்ந்திருந்தது.

"வாய்ப்பு..." என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும், "வாய்ப்பு..."

மேலாளருக்கு மனசு கரைந்துவிட்டது. "கேக்காதீங்க. இந்த வயசுல நீங்க என்கிட்ட இப்படி வாய்ப்புக் கேட்டு நிக்கிறதைப் பார்க்க எனக்கே கஷ்டமா இருக்கு. என் கையில இருந்தா குடுக்க மாட்டேனா?"

அறிவிப்பாளர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். சான்றிதழைத் தன் பக்கம் இழுத்து, 'வாய்ப்பு' என்று வந்த இரண்டு இடத்திலும் பக்கத்தில் ஒரு 'ண்' எழுதினார். புள்ளியை அழுத்தி வைத்தார். மேலாளர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மேலாளர் வாங்கிப் பார்த்தார். மெல்ல வெளிச்சம் வந்தது அவருக்கு. "அட! வாய்ப்புண்ணா! அடப் பாவமே, இதைத்தான் எழுத்தை முழுங்கிட்டு அடிச்சுக் குடுத்திருக்காங்களா? முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று சிரித்தார். அறிவிப்பாளரும் ஒரு மாதத்துக்குப் பிறகு வலியைப் பொருட்படுத்தாமல் சிரித்தார்.

மேலாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கடைசி வரியை மறுபடி படித்தார்.

"'மூன்று துறைகள் தீர ஆராய்ந்ததில் இவருக்கு எங்கும் வாய்ப்புண் இல்லை என்று சான்றளிக்கப்படுகிறது.'"

சிரிப்பு நின்றது.

"அப்ப உங்களுக்கு நோயே இல்லையே" என்றார். "நோய் இல்லாமலா நாப்பத்திரண்டு பேரைத் தவிக்க விட்டீங்க?"

அறிவிப்பாளருக்குச் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. மேஜைக்கு மேலே குனிந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கினார். மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கிட்ட வந்து, தலையைச் சாய்த்து, நன்றாகவே பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"அய்யய்யோ! எவ்வளவு பெருசு! வெள்ளையா, பள்ளமா, சுத்திச் செவந்து போயி... இதை வச்சுக்கிட்டு எப்படிங்க தண்ணி குடிக்கிறீங்க?" அவர் குரலில் இருந்த இரக்கம் நிஜமானது. கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியுதுங்க. நல்லாவே தெரியுது. ஆனா என் கண்ணுல முத்திரை இல்லையே."

கையை நீட்டிப் பெட்டியின் பட்டனை அமுக்கினார். ஏழாவது நடைமேடை என்று பெண் குரல் பிசிறில்லாமல் சொன்னது. வெளியே ஜனங்கள் ஏழாவது நடைமேடைக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. அத்தனை பேரும் சரியான பேருந்தில்தான் ஏறினார்கள். அறிவிப்பாளர் வாயை மூடிக்கொண்டார்.